எதிர்மறை

உவர்மலை ஏற்றத்தில்
நாற்பது இறாத்தல் பாண் கரியரில் இருக்க
மிதி காற்றாகிப் போனது.
கால் கீழே போயிற்று; சைக்கிள் போகவில்லை.
முழங்கால் ஹாண்டிலில் மோதிய இடம்
வெள்ளிக்கிழமை வரைக்கும் கத்தரிக்காய் நிறம்.

செயின் கழன்றிருக்கும் என்று குனிந்தேன். இல்லை.
பல் தேய்ந்திருக்கும் என்று தடவினேன்.
விரலில் எண்ணெயும் மணலும்,
பல்லெல்லாம் பல்லாகவே இருந்தது.
"புதுச் சில்லு போடுங்க, ஆறாயிரம் முடியும்" என்றார்
சந்தியில் தேத்தண்ணி ஆற்றும் பசீல் நானா.
ஆறாயிரம்.
அன்றைக்குத் திகதி இருபத்தேழு.

ஒரு சைக்கிள்தான் எங்களுக்கு.
இரவில் அவனுடையது, ஐஸ் பக்டரிக் காவலுக்கு.
விடிய ஐந்து மணிக்கு என்னுடையது.
சீற்றில் அவன் சூடு ஆறமுன் நான் ஏறிவிடுவேன்.
"உமக்கு வழுக்கேல்லயோ?" என்று கேட்டேன்.
"எனக்கு ஒண்டும் செய்யேல்ல" என்றான்,
சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி.

ஞாயிறு அவன் உறங்க
சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தினேன்.
சில்லைப் பிடித்துக்கொண்டு
பல்வட்டைப் பின்னோக்கிச் சுற்றினால்
டிக் டிக் என்று சொல்லவேண்டும்.
ஒரு சத்தமும் இல்லை.
முன்னோக்கித் திருகினேன். ஒருதரம் பிடித்தது.
ஒருதரம்
நனைந்த சவர்க்காரம் போலக் கைக்குள் வழுவியது.
ஆக, நோவு உள்ளே.

மூடியில் இரண்டு துளை.
ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டத் தட்ட
அசையவில்லை.
அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.
அந்த மறை மட்டும் எதிர்ப்பக்கம்:
எல்லாம் கழருகிற பக்கம் அது இறுகும்,
எல்லாம் இறுகுகிற பக்கம் கழரும்.
பேக்கரி முதலாளியிடம் சம்பளம் கேட்கும் முறையும் இதுதான்.

திறந்ததும் சிந்தின குண்டுகள்,
கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது.
பேப்பரில் பரப்பி எண்ணிக்கொண்டிருக்க
டைக் வீதி மான் ஒன்று வேலி இடுக்கால் வந்து
மரண அறிவித்தல் பக்கத்தைக் கவ்வி இழுத்தது.
முப்பத்தெட்டுக் குண்டும் முற்றமெங்கும்.
விரட்டினால்
மென்றபடியே என்னைப் பார்க்கிறது,
கையெழுத்துக்கு நிற்பவளைக் கச்சேரிக் கிளாக்கர் பார்ப்பதுபோல.
மாச் சல்லடையால் மண்ணை அரித்து
முப்பத்தேழு எடுத்தேன்.

உள்ளே இரண்டு நாக்கு.
தலைமயிர்த் தடிப்பில் ஒரு கம்பி அவற்றை எழுப்பும்.
எழும்பினால் பல்லில் கொளுவும்,
கொளுவினால் சில்லு வரும்.
எழும்பவில்லை.
மெழுகாய் இறுகிய பச்சைக் கிறீஸ்
அவற்றைப் படுக்கவைத்திருந்தது.

அந்தப் பச்சை எனக்குத் தெரியும்.
அவன் சேட்டுக் கையில் தோய்க்கத் தோய்க்கப் போகாத பச்சை,
ஐஸ் பக்டரி மெஷினுக்குப் போடுவது.
மாரி வருகிறது, உப்புக்காற்றில் கறள் பிடிக்கும் என்று
எனக்குச் சொல்லாமல்
அள்ளி அடைத்திருக்கிறான்.

மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப்
பழைய பிரஷால் தேய்க்கும்போதுதான்
மற்றது பிடிபட்டது.
முன்பெல்லாம் ஒழுங்கைத் தொங்கலிலேயே
டிக் டிக் டிக் கேட்கும்,
எழும்பிக் கேத்தில் வைப்பேன்.
ஒரு மாதமாய் அலாரம் வைத்து எழும்புகிறேன்.
ஏனென்று யோசித்ததே இல்லை.
வாசலில் கிடந்த அவன் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
குதிப்பக்கம் கடதாசி.

வழுக்காதுதான்,
உருட்டிக்கொண்டு வந்தால்.

கிறீஸ் இல்லை. தையல் மெஷின் எண்ணெய், இரண்டு சொட்டு.
ஒரு குண்டு குறைந்தாலும் ஓடும்,
ஒன்று கூடினால்தான் இறுகும்.
மூடியை அதன் பக்கத்துக்கே பூட்டிச்
சில்லைச் சுழற்றிவிட்டேன்.
சொன்னது.
விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

கட்டிலில் அவன் ஒரு கண் திறந்தான்.
"என்ன சத்தம்?"
"மான்" என்றேன்.