ஃபைனலிக்கு அப்புறம்

நாலே சொல்லுதான் என்றாள் துஷாந்தினி,
சலவைப் பகுதியில் இரண்டு வருஷமாய் இருப்பவள்.
இங்கிலீசு தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள்,
கட்டில் விரிக்கத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.
இங்கிலீசில்.

கொட்டகலையில் பஸ் ஏறும்போது
நாலும் என் உள்ளங்கையில் வியர்த்த சில்லறை.
டெவன் வளைவில் ஒன்றை வைத்தேன்: ஃபர்ஸ்ட்.
தலவாக்கலையில் நெக்ஸ்ட்.
லிந்துலையில் ஆஃப்டர் தட்,
லீக்ஸ் கட்டோடு ஏறிய ஒருவர்
அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.
நானுஓயாவில் ஃபைனலி.
சொல் தீர்ந்தது. பஸ் நிற்கவில்லை.
மிச்ச மலையை அது ஏறி முடிக்கும்வரை
வாய்மூடி இருந்தேன்.

எக்கநாயக்க மிஸ்ஸின் விரலில் மைக்கறை.
பக்கத்தில் டை கட்டிய ஒரு பையன்.
செய்து காட்டவா என்று கையை நீட்டினேன்.
வேண்டாம், சொல், என்றார்.
கைக்கு இதெல்லாம் ஒரே வேலை,
கொழுந்தைக் கிள்ளும்போது
முதல் விரல் எது என்று யார் பார்த்தார்கள்?
நாக்குக்குத்தான் படி வெட்டவேண்டியிருக்கிறது.

ஃபர்ஸ்ட், ஜன்னலைத் திறந்தேன்.
அந்த அறையின் ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது,
நான் சொன்னதற்காக வந்ததுபோல
பனி ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தது.
நெக்ஸ்ட், பழைய விரிப்பை உருவினேன்.
நெக்ஸ்ட், இன்னொரு நெக்ஸ்ட்,
உறையைக் கழற்றித் தலையணைகளை நாற்காலியில் வைத்தேன்.
ஆஃப்டர் தட்
ஆஃப்டர் தட்
புது விரிப்பு, நாலு மூலையும்
சம்பளக் கவரை மடிப்பதுபோல.
ஃபைனலி, கம்பளி.

அவர் பேனாவை மூடப்போனார்.
அப்போதுதான் பார்த்தேன் அவை இரண்டையும்,
பொழுதுபட்டும் தூக்க ஆள் வராமல்
பிள்ளைக்காம்பராவில் இருந்துவிட்ட இரட்டைப் பிள்ளைகள்.
ஃபைனலி சொல்லியாயிற்று.
கதவைச் சாத்தியாயிற்று.
உள்ளே தலையணை.

ஆஃப்டர் ஃபைனலி, பில்லோ, என்றேன்.

டை கட்டிய பையன் கைக்குட்டைக்குள் இருமினான்.
மிஸ் சிரிக்கவில்லை.
ஆஃப்டர் பில்லோ? என்று கேட்டார்.
யோசித்தேன்.
வின்டோ குளோஸ்.

வெளியே வந்ததும் காது சுட்டது,
நுவரெலியா குளிரிலும்.
நாலு சொல்லை ஒழுங்காக அடுக்கத் தெரியாதவள் என்று
கடைக் கண்ணாடியில் ஒருத்தியைத் திட்டினேன்.
அவள் கேட்டாள்:
எங்கள் டிவிஷனில் ஃபைனலி வீடு வரவில்லையா?
கல் நட்டு, தேங்காய் உடைத்து, படமும் எடுத்தார்கள்.
கல்லைப் பூசணிக்கொடி மூடி மூன்று வருஷம்.
அம்மாவின் ஈ.பி.எஃப். ஃபைனலி வந்ததே,
மீனாட்சியா மீனாச்சியா என்று
ஓரெழுத்துக்காகத் திரும்பிப் போனதே.
அப்பாவைக் குழியில் இறக்கி
மண் போட்டு முடித்த பிறகுதானே
அந்த மழை நின்றது.

இறங்கும் பஸ்ஸில் முதலில் வந்தது ஃபைனலி.
ஆஃப்டர் தட்டில் ஓர் இலை லீக்ஸ் கிடந்தது.
ஃபர்ஸ்ட் எப்போது வந்ததென்று தெரியாது,
தூங்கிப்போனேன்.
கொட்டகலை, அக்கா, கொட்டகலை,
என்று கண்டக்டர் சீட்டைத் தட்டினான்.

ராத்திரி துஷாந்தினியின் கோல்.
என்னடி சொன்னாய் அங்கே?
குசினி வரைக்கும் போய்விட்டது,
ஆஃப்டர் ஃபைனலி தேத்தண்ணி,
ஆஃப்டர் ஃபைனலி வெங்காயம் உரி,
அந்த டைக்காரன் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்கிறான்.
உனக்குச் சப்பாத்து அஞ்சா ஆறா?
குளிருக்குள்ளே போட ஸ்வெட்டர் இருக்கிறதா,
வெளியே தெரியக்கூடாது, சொல்லிவிட்டேன்.
திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடி.

வேலை கிடைத்துவிட்டதா, என்றேன்.
அதைச் சொல்லவில்லையா நான், என்றாள்.

அதற்குப் பிறகும்
அவள் ஃபோனை வைக்கவில்லை.