இடக்கை

முதல் வேலை ஒரு மருந்துக் கம்பெனிக்கு.
மூச்சிழுக்கும் கருவியை எப்படிப் பிடிப்பது:
ஆறு கட்டம், கறுப்பு மட்டும், முகம் வேண்டாம் என்றார்கள்.
கட்டத்துக்குப் பதினான்கு யூரோ.
காசைக் கண்ணில் பார்க்க அறுபது நாள்.

மாடல் வைக்க வசதியில்லை.
வலக்கை வரைந்துகொண்டிருந்தது.
அறையில் சும்மா கிடந்தது இடக்கை ஒன்றுதான்.
விளக்கின் கீழ் அதை நீட்டினேன்.

அப்புறம் தையல் இயந்திரம், தீயணைப்பான்,
தேனீப்பெட்டியின் மூடி, குழந்தை இருக்கையின் கொக்கி.
டௌகவா உறைந்தது, இளகியது, உறைந்தது.
அதே அறைக்குப் பாதி வாடகை தந்த ஆர்விட்ஸ்
ஆறு மாடிச் சுவரில் திமிங்கிலம் வரைந்து
பத்திரிகையில் வந்தான்.
நான் திருகாணி வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று
அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்புக்குறி லேசில்லை.
வால் கொஞ்சம் தடித்தால் அதட்டும்,
மெலிந்தால் கெஞ்சும்.

ஒன்பதாம் வருடம், மார்ச்சில், யெல்காவாவிலிருந்து மின்னஞ்சல்:
'திருமதி விஸ்மா,
உங்கள் படங்களில் எல்லாரும் இடக்கைக்காரர்களாக இருப்பது ஏன்?
வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்கள்.'

எல்லாத் தாளையும் தரையில் பரப்பினேன்.
ஆமாம். அதே கை.
பன்னிரண்டு வயதில் சறுக்கி விழுந்த
சுண்டுவிரலின் கோணல், எல்லாவற்றிலும்.
தீயணைப்பானில் மோதிரம் இருக்கிறது.
தேனீப்பெட்டியில் இல்லை.
அதை யாரும் எழுதிக் கேட்கவில்லை.

சந்தையில் ஏழு யூரோவுக்கு ஒரு கண்ணாடி வாங்கினேன்.
கண்ணாடிக்குள் நுழைந்து
என் இடக்கை வலக்கையாகிப் பிழைக்கிறது.
கட்டத்துக்கு இப்போது நாற்பது.

பழைய அச்சு கடைகளில் இன்னும் தீரவில்லை போல.
நேற்று மியேரா தெருவில், பதினோராம் எண் டிராமில்,
சிமெண்ட் படிந்த பூட்ஸோடு ஒருவர்
இளைத்து இளைத்து அந்தத் தாளை விரித்தார்.
கருவியை வலக்கையில் எடுத்தார்.
படத்தைப் பார்த்தார்.
இடக்கைக்கு மாற்றினார்.
மூன்றாம் கட்டம்: உதடு இறுக்கு.
நான்காம் கட்டம்: அழுத்து, இழு.
ஐந்தில் பத்து எண்ண வேண்டும்.
எண்ணினார்.
நானும் எண்ணினேன்.
கோட்டுப் பைக்குள் என் விரல்கள்
அவர் பிடித்தது போலவே பிடித்திருந்தன, வெறும் காற்றை.

நிறம் திரும்பியது அவர் முகத்துக்கு,
நான் வரையாத முகத்துக்கு.

தாளை நாலாக மடித்து
கடகடவென்று ஆடிய ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் செருகினார்.
சத்தம் நின்றது.
இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிப் போனார்.