என் திரையில் ஏரி இல்லை

செவ்வாய் இரவு புது டிரைவரை நிறுவினேன்.
‘நிலைத்தன்மை மேம்பட்டுள்ளது’ என்றது குறிப்பு.
திரை இரண்டு முறை கறுத்துத் திரும்பியது,
கண்சிமிட்டிவிட்டுப் பொய் சொல்கிறவன் மாதிரி.

நானும் டிரைவர்தான்.
க்தீனியா நகரத்தில் டிராலி பஸ்.
கூரையில் இரண்டு கொம்பு, தலைக்கு மேல் கம்பி.
வளைவில் விரட்டினால் கொம்பு நழுவும்,
விளக்கணையும், வண்டி செத்து நிற்கும்.
கையுறை மாட்டி இறங்கி
பின்னால் தொங்கும் கயிற்றை இழுத்து
கொம்பைக் கம்பியில் மறுபடி சேர்ப்பேன்.
உள்ளே எல்லாரும் கடிகாரம் பார்ப்பார்கள்.
ஒழுங்காக ஓட்டுகிற நாளில்
நான் இருப்பதே யாருக்கும் தெரியாது.
நல்ல டிரைவருக்கு இலக்கணம் அவ்வளவுதான்.

இது அந்த வகை அல்ல.

ஜெமோவித்தும் நானும் ஒரே டிப்போவில் ஆறு வருடம்.
பிறகு அவன் டிராம் ஓட்ட ஓல்ஷ்டின் போய்விட்டான்.
வியாழன்தோறும் பத்தரைக்கு மேல்
ஒரே காட்டில் மான் தேடுவோம்.
அவனுடைய கார்டு, நாணயம் தோண்டிய எவனிடமோ
அரை விலைக்கு வாங்கியது.
விசிறி உறுமும். சில இரவுகளில்
முகங்கள் ஊதா முக்கோணங்களாகக் கிழியும்.
“பழகிவிட்டது, ஆளை அடையாளம் தெரிகிறது” என்பான்.

இந்த வியாழன் ஏரிக்கரைக்கு வந்தோம்.
என் திரையில் ஏரி இல்லை.

கரை இருந்தது. நாணல் இருந்தது.
வெறும் காற்றில் கட்டுண்டு ஆடியது ஒரு படகு.
அடியில் சேறு, கூழாங்கல்,
யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும்
யாரோ வரைந்துவைத்த துருப்பிடித்த சைக்கிள்.
மீன்கள் ஆளுயரத்தில் மெல்லப் பறந்துபோயின.

சிரித்தேன். இறங்கி நடந்தேன்.
பள்ளத்தின் நடுவில் நின்று அண்ணாந்தால்
பத்தடி உயரத்தில்
ஜெமோவித் நீந்திக்கொண்டிருந்தான்,
எதன் மேலும் இல்லாமல்,
கைகளை அகட்டி, கைகளைச் சேர்த்து.

“டோப்ராவா, மூச்சு!”

அப்போதுதான் மூலையைப் பார்த்தேன்.
நீலக் கோடு பாதிக்கும் கீழே.
நான் காணாத தண்ணீர்
என்னைக் கணக்கில் வைத்திருந்தது.
“கரை எந்தப் பக்கம்?”
“எனக்கு வலது.”
“உனக்கு எது வலது?”

காய்ந்த தரையில் மூழ்கிச் செத்தேன்.
முடி மட்டும் அலைந்துகொண்டிருந்தது.

மறுபடி பிறக்க நாற்பது நொடி.
அதற்குள், விசிறி உறுமலுக்கு நடுவே,
“மிலேனா ஜூனிலேயே போய்விட்டாள்” என்றான்.
இது அக்டோபர்.
பதினேழு வியாழன். அத்தனையிலும்
மானை எண்ணினோம், நரியை எண்ணினோம்.

என்ன சொல்வதென்று தெரியாமல்
“உன் டிரைவர் எந்தப் பதிப்பு?” என்றேன்.
சொன்னான். ஒவ்வொரு எண்ணாக, புள்ளி, எண், புள்ளி.
சம்பளச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.
குரல் உடையாமல் அவனால் சொல்ல முடிந்தது
அன்றைக்கு அது ஒன்றுதான்.

புதியதைப் பிடுங்கிவிட்டு
மார்ச் மாதத்துப் பழையதைப் போட்டேன்.
ஒன்றரை மணிக்கு ஏரி வந்தது.
வானம் போனது. மேகமிருந்த இடத்தில்
கறுப்புப் பட்டைகள், நொடிக்கொரு துடிப்பு.
நிழல்கள் ஆட்களைவிட்டு ஓரடி தள்ளி நின்றன.
இருக்கட்டும் என்று விட்டேன்.
வானத்தில் யாரும் மூழ்குவதில்லை.

காலை முதல் நடை.
மேட்டில் ஏறும்போது கொம்பு நழுவியது.
கயிறு ஈரம். கடலிலிருந்து வந்த மூடுபனியில்
கம்பி இருந்த இடத்தில் வெள்ளை மட்டும்.
மீன்கூடையோடு ஒருத்தி கதவில் நின்று
“ஓடுமா ஓடாதா?” என்றாள்.
“ஓடும்.”
கை பழகிய பக்கமாகக் கொம்பை விட்டேன்.
தவறியது. மறுபடி விட்டேன்.
பச்சையாய் ஒரு பொறி. விளக்குகள்.

சனிக்கிழமை ஓல்ஷ்டினுக்கு ரயில், ஏழு ஐம்பது.
அவனிடம் சொல்லவில்லை.
பையில் ஒரு பழைய சவரத் தூரிகை வைத்திருக்கிறேன்.
கேட்டால்,
விசிறியில் தூசு தட்ட வந்தேன் என்பேன்.