மணல் வருது

க்ரோஷேர் தீவில்
பழைய ஒலிபரப்பியை அணைத்தது நான்தான்.
புதன்கிழமை, பகல் பதினொன்றுக்கு.
வெளியே பனித்தூறல்.

மறுவாரம் சீக்வார்ட் தொலைபேசினான்,
காட் மீன் படகுக்காரன்.
'குரல் நல்லாத்தான் இருக்கு, ராங்ஃப்ரிட்,
கண்ணாடி மாதிரி.
ஆனா கரை எவ்வளவு தூரம்னு தெரியலை.'

முன்பெல்லாம்
வானிலை வாசிப்பவள் குரலில்
மணல் கலக்கத் தொடங்கினால் பன்னிரண்டு மைல்.
மணலுக்குள் குரல் புதைந்தால் இருபது.
அதற்கப்பால்
அவன் போனதில்லை.

இப்போது
இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது,
இல்லை.

நான் பாடப்புத்தகமாகப் பேசினேன்.
அலையை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் முறை அளக்கிறோம்,
ஒவ்வோர் அளவும் பூஜ்யமும் ஒன்றுமாய்க் கிளம்புகிறது,
வழியில் சிதைந்தாலும்
அடுத்த கோபுரம் திருத்தி எழுதிவிடும்.
பழையதில் கோபுரத்துக்குக் கோபுரம்
அழுக்கும் சேர்ந்தல்லவா பெருத்தது?

'அந்த அழுக்கைத்தான் கேட்கிறேன்' என்றான்.

இரவு அளவுமானியின் முன் உட்கார்ந்தேன்.
வானொலிக்குள்ளே
பிழைகள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன,
திருத்தத் திருத்த,
விளிம்பு வரை.
திருத்திவிடுவதால்தான்
யார் காதிலும் விழவில்லை.

சனிக்கிழமை ஒரு சின்னப் பெட்டி செய்தேன்.
பிழையின் எண்ணிக்கை ஏற ஏற
குரலோடு கொஞ்சம் இரைச்சலைக் கலக்கும்.
பொய் இரைச்சல்;
அதுவும் பூஜ்யமும் ஒன்றும்தான்.

மாட்டிக்கொண்டு போனான்.
சாயங்காலம், பதினான்காம் மைலிலிருந்து
ஒரு குறுஞ்செய்தி:
'மணல் வருது.
பழசு அளவுக்கு இல்லை.
போதும், திரும்புறேன்.'