பதிவேட்டில் எழுதிய நிறம்

தேர்தல் மாதம். லோயர் கேம்ப்பில் பஸ்ஸை நிறுத்தி
என் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.
பஞ்சுக்குள் படுத்திருந்தது
வாயை உருக்கி மூடிய கண்ணாடிக் குழாய்.
முப்பத்தெட்டு டிகிரி.
"பழுப்பு வாயு, ஒன்று. காலேஜ் லேபுக்கு"
என்றெழுதி, கையெழுத்து வாங்கி
சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பஸ் ஏறியது.
ஜன்னலுக்கு வெளியே
ராட்சதக் குழாய்களில் பெரியாற்றுத் தண்ணீர்.
இறங்கினால் இறங்கியதுதான்,
எந்த வளைவிலும் அது திரும்பி ஏறுவதில்லை.
எதிரே ஏலத்தோட்ட ஜீப்புகள்,
காலையில் ஏறியவர்களையே சுமந்து.

குமுளியில் அப்போதுதான் மழை விட்டிருந்தது.
எக்சைஸ் சஜீந்திரன்
சீட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்,
மறுபடி சீட்டை.
"இது தவிட்டு நிறமல்லல்லோ, வெறும் மஞ்ஞ.
வழியில் மாற்றியோ?"

மாற்றவில்லை சார்.
ஒரு மூலக்கூறு உள்ளே போகவில்லை,
ஒன்று வெளியே வரவில்லை.
தனித்தனியாகத் திரிந்தால் பழுப்பு,
இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டால் நிறமில்லை.
கோப்பதும் பிரிவதும் நிற்பதேயில்லை,
நீங்கள் முறைத்துப் பார்க்கும் இந்த நொடியிலும்.
எத்தனை ஜோடி பிரிகிறதோ அத்தனை சேர்வதால்
சும்மா இருப்பதுபோல் இருக்கிறது.

"அப்போ பாதிக்குப் பாதியோ?"

நானும் அப்படித்தான் நம்பினேன்,
இரண்டு வருடம், ஒரு அரியர் பேப்பரோடு.
சமநிலையில் சமமாக இருப்பது
போக்கும் வரத்தும் மட்டும்.
தலைகளை எண்ணினால் சமம் கிடைக்காது.
தனியாய்த் திரிவதன் செறிவை
அதனாலேயே பெருக்கி
ஜோடிகளின் செறிவால் வகுத்தால் ஓர் எண்.
கொஞ்சம் அடைத்தாலும் நிறைய அடைத்தாலும் அதே எண்.
வெயிலுக்கும் குளிருக்கும்தான் அது அசைந்து கொடுக்கும்.
கம்பத்துக்கு ஒன்று, குமுளிக்கு ஒன்று.

அவர் நம்பவில்லை.
குழாயை வாங்கி
ஆவி பறக்கும் கட்டன்சாயா மேல் சாய்த்துப் பிடித்தார்.
கண்ணாடிக்குள் மெல்ல,
துருவேறுவதுபோல், பழுப்பு.
தோட்டத்தில் தங்கல் வேலைக்குப் போகும் ஒச்சம்மா
பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து
"அடி ஆத்தீ" என்றாள்.

சஜீந்திரன் பேசாமல் பேனாவைத் திறந்தார்.
பழுப்பை அடிக்கவில்லை. பக்கத்தில்
"மஞ்ஞ, 4.20" என்று சேர்த்தார்.

நேரத்தைக் குறித்திருக்கிறார்;
குளிரைக் குறித்திருக்க வேண்டும்.
திருத்தச் சொல்லுமுன் கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.
பஞ்சுக்குள் குழாய்
மறுபடி வெளுக்கத் தொடங்கியிருந்தது.