எரிவாயு நிரை

குரோனிங்கனில் மழை.
அறுபத்தைந்துக்கு அறுபத்தைந்து கட்டங்கள்,
மூன்றாண்டுக்கு முந்தைய கணக்கு.
ஆறிப்போன காப்பியோடு சீட்ஸ்கெ
எரிவாயு நிரையை நிரப்புகிறாள்:
ரொட்டி அடுப்புக்கு இவ்வளவு,
தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் குடிலுக்கு இவ்வளவு.

தக்காளிக்குள் எரிவாயு இருக்கிறது.
எரிவாயுவுக்குள் எஃகு,
எஃகுக்குள் மறுபடி எரிவாயு, கொஞ்சம் குறைவாக,
அதற்குள் இன்னும் குறைவாக.
அணியை நேர்மாறாக்கினால்
எல்லாச் சுற்றும் ஒரே மூச்சில் கூடிவிடும்.
அவளுக்கு அதில் இன்றும் சின்ன வியப்பு.

மண்ணுக்கடியில் காலியானதற்கு நிரை கிடையாது.

லொப்பர்சம் ஊரில், அக்காள் வீட்டில்,
தொட்டில் கிடந்த அறையின் சுவர்
அந்த வருடம்தான் பிளந்தது.
ரைண்டர் வந்து பூசினான்,
ரசீது எழுதினான்: எண்ணூற்று நாற்பது யூரோ.

அது இப்போது
கட்டுமான நிரலில் உட்கார்ந்திருக்கிறது
உற்பத்தி என்ற பெயரில்,
சிமெண்ட், டீசல், ரைண்டரின் கூலி எனப் பிரிந்து.
நிரைக் கூட்டலும் நிரல் கூட்டலும்
கடைசிக் காசு வரை பொருந்துகின்றன.
நல்ல அட்டவணை. சேமிக்கிறாள்.

கைபேசி அதிர்கிறது. அக்காள்:
'அதே இடம். முன்னைவிட அகலம்.
ரைண்டர் நம்பர் வைத்திருக்கிறாயா?'