அரைப்பேர்

பன்னிரண்டு அடித்தால்தான் இரவு டேட்டா.
அதுவரைக்கும் மாத்தளை ரஷாத்
மைக்கில் கொட்டாவி விடுவான்.
நான் மஸ்கெலியாவில்
டவரை மூடிய பனி நகர்கிறதா என்று
ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன்,
துடைத்தால் பிங் குறையும் என்பதுபோல.

நூற்று நாற்பது. நூற்று எண்பது.
சிங்கப்பூர் போய்த் திரும்ப வேண்டிய என் தோட்டா
நான் செத்த பிறகுதான் புறப்படும்.
ஆறு மாதம் இதையே சொல்லித் திரிந்தேன்:
நெட் சரியில்லை, மவுஸ் சரியில்லை,
அட்டனில் வாங்கிய பழைய மொனிட்டர் சரியில்லை.
சில்வரிலேயே கிடந்தேன்.

ஒரு நாள் சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து
செத்ததையெல்லாம் எழுதத் தொடங்கினேன்.

மார்ச் 9. படிக்கட்டு. நிலத்தைப் பார்த்து நடந்தேன்.
என் தலை வரும் உயரத்தில் அவன் குறி ஏற்கெனவே இருந்தது.
மார்ச் 9. அதே படிக்கட்டு.
மார்ச் 9. ஒருவனைச் சுட்டதும் குண்டு நிரப்பினேன்.
இருபத்திரண்டு மிச்சம் இருந்தது. எதற்கு நிரப்பினேன்?
மார்ச் 10. ஒரே ஜன்னலில் இரண்டாம் தரம் எட்டிப் பார்த்தேன்.
மார்ச் 11. விரலை எடுக்காமல் அழுத்தினேன்.
முதல் மூன்று அவன் நெஞ்சுக்கு, மற்றதெல்லாம் வானத்துக்கு.

நாற்பது பக்கம் நிரம்பியபோது எண்ணிப் பார்த்தேன்.
நெட் என்ற சொல் நான்கே இடத்தில்.

மவுஸின் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன்.
இனி மணிக்கட்டால் முடியாது, முழங்கை வேண்டும்,
திரும்பிப் பார்க்க ஒரு முழ மேசை வேண்டும்.
மேசை இடிக்கும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
தவராணி அக்காவின் கட்டில்.
அவளுக்கு விடிந்தால் பெரட்டு.
டொக் டொக் என்று தட்டுவாள்,
இரண்டே இரண்டு, கோபமில்லாமல்,
கதவைச் சாத்தச் சொல்வதுபோல.

அதனால் சத்தமில்லாமல் விளையாடப் பழகினேன்.
மேசைக் காலுக்குக் கிழிந்த சாரம் சுற்றினேன்.
சத்தம் போடாதவனுக்கு மற்றவன் சத்தம் கேட்கிறது:
தகரத்தில் ஓடுகிறவன்,
சரளையில் நடக்கிறவன்,
நடந்து, நின்று,
நான் கேட்கிறேனா என்று கேட்கிறவன்.
ஹெட்செட்டின் இடது காது மட்டும்
ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் லீவு.

நேற்று லீவு.
ரஷாத் விழுந்தான், மற்ற மூவரும் விழுந்தார்கள்.
நான் ஒருவன், அவர்கள் மூன்று பேர்.
ஒருவனைக் கதவடியில் எடுத்தேன், குண்டு நிரப்பவில்லை.
அடுத்தவன் தகரத்தில் வந்தான், இரண்டே தோட்டா.
மூன்றாமவன் எங்கே?
மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.
டொக் டொக்.
இடது பக்கம் வெட்டித் திரும்பினேன்,
அங்கே நின்றான்.

ரஷாத் கத்திய கத்தலில் மாத்தளையே எழுந்திருக்கும்.
எப்படிடா கேட்டது, எப்படிடா?
மேசை இடித்ததற்கு அக்கா தட்டினாள் என்று
நான் சொல்லவில்லை.
கொப்பியில் எழுதினேன்:
மூன்றாவது சுவருடையது. என் கணக்கில் சேராது.

காலையில் பீலியடியில் வாளியோடு நின்றாள்.
"ராவு எத்தன பேர் செத்தாங்க?"
"இருவது."
"நீயா, அவனுகளா?"
"நான் பதினொன்னு, அவனுக ஒம்பது."
கணக்குப் போட்டுப் பார்த்தாள்.
"அப்ப ஒனக்கும் அரைப்பேர்தான்."
நேற்று மழை. பதினாலு கிலோவில்
அவளுக்கும் அதைத்தான் போட்டிருந்தான் கணக்கப்பிள்ளை.
வாய்விட்டுச் சிரித்தாள். கண் மட்டும்
தூங்காத கண்.

மேசையை மற்றச் சுவருக்கு இழுத்துப் போட்டேன்.
அந்தப் பக்கத்து வீட்டார் கொழும்புக்குப் போய் ஒரு வருசம்,
பூட்டு துருவேறிக் கிடக்கிறது.
இனி இடது பக்கத்தை
நானேதான் கேட்க வேண்டும்.